பொன்னாடை நிலுவையில் உள்ள பயிற்சியாளர்

அநியாயம் இழைக்கப்பட்டவர் பெயர் யசோதினி. வயது இருபத்தாறு, வசிப்பிடம் லண்டனின் ஹரோ. இழைத்தவர்கள் 'ஹரோ முள்ளெலிகள்' என்னும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் நிர்வாகசபையினர். இழைத்த விதம், அவளை வேலையால் நீக்கியது. நீக்கிய காரணம், அவள் அந்த வேலையில் மூன்று வருடம் நிலையாக இருந்தது.

"சும்மா கதை, வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்று சொல்பவர்கள் எங்கள் ஆட்களின் நிர்வாகசபை ஒன்றிலும் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் மேலே வாசிக்கலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அதிகம் வேலையில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துகிற விளையாட்டு அது. ஹரோவில் தமிழர்கள் ஏன் அதைத் தொடங்கினார்கள் என்றால், கிரிக்கெட் அணி எல்லாரிடமும் இருந்தது. தலைவர் சபாரத்தினம் ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே மூன்று மொத்த விற்பனைக் கடைகள் போட்டவர். மற்றவரிடம் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. செயலாளர் ஞானேஸ்வரன் கவுன்சிலில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கவுன்சில்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது என்று சொல்பவர்களும் உண்டு.

இவர்கள் இருவரின் கீழ் மூன்று வருடத்தில் ஏழு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். வரும்போது ஒவ்வொருவரும் தன் உதவியாளர்களையும் கூட்டி வருவார், போகும்போது எல்லாரும் கூட்டாகப் போவார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரையும் சும்மா கலைப்பதில்லை. மண்டபம் எடுத்து, மங்கள விளக்கேற்றி, எட்டுப் பேர் பேசி, பொன்னாடை போர்த்தி, மட்டன் றோல்ஸும் கொத்துறொட்டியும் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு மனிதர், நானூறு பேர் எழுந்து கைதட்ட, கண் கலங்கி, கைகூப்பி, இரண்டாவது றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் தனக்கு வேலை போய்விட்டது என்பதை அறிந்தார். அதுவரை அது தன் பிறந்தநாள் என்று இவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார்.

நானூறு பேர் என்பதைக் கவனிக்கவும். போட்டிகளுக்கு வருகிறவர்கள் அறுபது பேர்.

யசோதினி பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்துவிட்டு முன்வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவள். முன்வரிசை என்பது ஐந்து பெரிய ஆட்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எதிரணி இடித்து விழுத்தாமல் மதில்போல நிற்பது அவர்கள் வேலை. அந்த ஐந்து பேரையும் ஒன்றாக நிற்கப் பழக்குவதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய ஆசை. அது நடக்கவில்லை. ஏழு தலைமைப் பயிற்சியாளர்களும் ஒரே ஆட்ட நகர்வுக்கு ஏழு பெயரும், ஒரே பெயருக்கு ஏழு நகர்வும் வைத்தார்கள். கடைசிப் பருவத்தில், குவார்ட்டர்பேக் துஷாந்தன் "இடி" என்று கத்த, ஐந்து பேரில் இருவர் மூன்றாவது பயிற்சியாளர் சொன்ன 'இடி'ப்படி இடப்பக்கம் ஓடினார்கள். இருவர் ஆறாவது பயிற்சியாளர் சொன்ன 'இடி'ப்படி வலப்பக்கம் ஓடினார்கள். நடுவில் நின்றவர் புதியவர், அவர் வானத்தைப் பார்த்தார். துஷாந்தனைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

இத்தனை களையெடுப்பிலும் யசோதினி எப்படித் தப்பினாள்? முதல் வாரத்தில் யாரோ உபகரணக் கொட்டகையின் திறப்பை, அதாவது சாவியை, அவளிடம் கொடுத்தார்கள். ஞானேஸ்வரன் அவள் பெயரைப் பதிவேட்டில் 'திறப்புப் பொறுப்பாளர்' என்று எழுதினார். பொன்னாடையோடு கொடுத்த நீக்கல் கடிதங்கள் எல்லாம் 'பயிற்சியாளர் குழாம் முழுவதற்கும்' போயின. திறப்புக்குப் போகவில்லை.

பிறகு சபாரத்தினம் தொலைக்காட்சியில் ஏதோ பார்த்தார். அதன் விளைவாக நடந்த கூட்டத்தின் அறிக்கையை ஞானேஸ்வரன் சொல்லுக்குச் சொல் எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். யசோதினி அதை மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் நின்றபடி மூன்று தரம் வாசித்தாள்.

தலைவர்: அமெரிக்காவில ஒரு அணிக்கு ஒரே ஆள் இருபது வருசம் பயிற்சியாளராம். அதாலதான் வெல்லுறாங்களாம். எங்களுக்கும் அந்த ஸ்திரத்தன்மை வேணும்.

செயலாளர்: எப்பைக்கு?

தலைவர்: வாற கிழமைக்குள்ள.

செயலாளர்: அதுக்கு எத்தினை பேரை நீக்க வேண்டி வரும்?

அதைக் கண்டறிய ஸ்திரத்தன்மை ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் தலைவரும் செயலாளரும். முப்பத்துநான்கு போட்டிகளில் முப்பத்தொன்றில் தோல்வி என்று குழு கண்டது. தலைமைப் பயிற்சியாளர்கள் மாறியிருந்தார்கள், வீரர்கள் மாறியிருந்தார்கள், சட்டையின் நிறம்கூட மாறியிருந்தது. முப்பத்தொரு தோல்வியிலும் மாறாமல் அங்கே நின்றவர் ஒரே ஒருவர், திறப்புப் பொறுப்பாளர். 'ஆகவே அணியின் ஸ்திரமின்மைக்கு, செல்வி யசோதினி ஸ்திரமாக இருந்தமையே காரணமென விஞ்ஞான ரீதியாக நிறுவப்பட்டுள்ளது' என்று சொல்லி, அவளை நீக்கிக் குழுவின் அறிக்கை முடிந்தது.

யசோதினி மேன்முறையீடு செய்தாள். வாதாடுவது என்றால் அவளுக்குச் சாப்பாடு தேவையில்லை. சபாரத்தினத்தின் கடைக்கு மேலே, அரிசி மூட்டை வாசம் அடிக்கிற அறையில் விசாரணை நடந்தது.

"அங்கிள், முப்பத்தொரு தோல்வியிலயும் மாறாமல் இருந்தது நான் மட்டுமே?" என்று தொடங்கினாள். "மூண்டு வருசமும் தலைவர் நீங்கள்தான், செயலாளர் இவர்தான். அப்ப நீங்களும் காரணம்தானே?"

சபாரத்தினம் ஞானேஸ்வரனைப் பார்த்தார். ஞானேஸ்வரன் கோப்பைத் திறந்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மாட்சுக்கும் வரேல்லை, பிள்ளை. ஆதாரம் இருக்கு. எங்களில ஒருத்தரும் சந்தேகப்பட ஏலாது."

"வராததே ஒரு குற்றமில்லையா?"

"குற்றம்தான். ஆனா அது வேற குழு."

அப்போது அவள் தன் கைப்பையிலிருந்து அணிச் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிப்புத்தகத்தை, எடுத்தாள். நாற்பத்திரண்டு பக்கம், ஞானேஸ்வரன் தன் கையால் எழுதியது. அதை முழுதாக வாசித்த முதல் ஆள் அவள்தான்.

"பதினாலாம் பிரிவு. 'பதவி நீக்கமானது பொன்னாடை போர்த்தப்படும் கணத்திலிருந்தே நடைமுறைக்கு வரும்.' சரியா அங்கிள்?"

"சரி. நான்தான் எழுதினனான்," என்றார் ஞானேஸ்வரன், தன் வசனத்தை இன்னொருவர் வாயில் கேட்ட மகிழ்ச்சியில்.

"பதினைஞ்சு. 'பிரியாவிடை மண்டபம் சேவைக்காலத்துக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும்.' அஞ்சு மாசம் இருந்தவைக்கு பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபம் எடுத்தனீங்கள். நான் மூண்டு வருசம். உங்கட வரலாற்றில ஒருத்தரும் அவ்வளவு காலம் இருக்கேல்லை. என்னையும் அங்க வைச்சு அனுப்பினா சனம் என்ன கதைக்கும்?"

சனம் என்ற சொல்லைக் கேட்டதும் சபாரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளை சொல்லுறது நியாயம். பெரிய மண்டபம்தான் எடுக்கவேணும். சனிக்கிழமையில. வேற நாளில ஒருத்தரும் வராயினம்."

ஞானேஸ்வரன் அங்கேயே மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஹரோப் பக்கத்தில் பெரிய மண்டபம் என்றால் கலியாணக்காரர் முந்திவிடுவார்கள் என்பது லண்டனில் குழந்தைக்கும் தெரியும். காலியாக இருந்த முதல் சனிக்கிழமை இரண்டு வருடமும் நாலு மாதமும் கழித்து வந்தது.

"புக் பண்ணுங்கோ," என்றார் சபாரத்தினம் கம்பீரமாக.

அன்றிலிருந்து யசோதினி 'நீக்கப்பட்டு, பொன்னாடை நிலுவையில் உள்ள பயிற்சியாளர்' என்று பதிவேட்டில் ஏறினாள். எட்டாவது தலைமைப் பயிற்சியாளர் இந்தப் பதிவேட்டைப் பார்த்த அன்றே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அவருடைய இடத்தையும் அவளே பார்த்தாள். அவளை நீக்கலாமா என்று ஒருதரம் பேச்சு எழுந்தது. நீக்கிய ஒருவரை மறுபடி நீக்க யாப்பில் இடமில்லை என்று ஞானேஸ்வரன் தீர்ப்புச் சொன்னார். தொழில்முறை விளையாட்டு உலகத்தில் இவ்வளவு பத்திரமான வேலை வேறொருவருக்கும் இருந்திருக்காது.

ஏழு பயிற்சியாளர் வைத்த பெயர்களையும் அவள் தூக்கி எறிந்தாள். ஆட்ட நகர்வுகளுக்கு மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் நிலையங்களின் பெயரை வைத்தாள். 'பின்னர்' என்றால் இடப்பக்கம், 'வெம்ப்ளி பார்க்' என்றால் வலப்பக்கம், 'ரேனர்ஸ் லேன்' என்றால் எல்லாரும் நடுவுக்கு. அந்த லைனில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது மறக்குமா? ஐந்து பேரும் ஒன்றாக நின்றார்கள். ஒரு வருடம் கழித்து, அடுத்த பருவத்தில், முள்ளெலிகள் ஒன்பது போட்டி தொடர்ந்து வென்று இறுதிப்போட்டிக்கு வந்தார்கள்.

போட்டிக்கு வந்தவர்கள் அதே அறுபது பேர். மற்றவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள்.

"முந்தி வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம் எல்லாரையும் சந்திப்பம்," என்று மளிகைக் கடையில் ஒரு அம்மா அவளை நிறுத்திக் கேட்டார். "இப்ப ஒண்டுமில்லை. நீர் எப்ப பிள்ளை போறீர்?"

"வாற வருசம், அன்ரி."

"அவ்வளவு நாளோ," என்றார் அவர், உண்மையான கவலையோடு. பிரியாவிடையை விரைவுபடுத்தக் கோரும் மனுவில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் கையெழுத்து வைத்திருப்பதாகப் பிறகு தெரியவந்தது.

இந்த நேரத்தில்தான் துஷாந்தன் பயிற்சிக்கு முகம் வெளிறி வந்தான். அவனுக்கும் லக்‌ஷிகாவுக்கும் கலியாணம், அதே பெரிய மண்டபத்தில், இறுதிப்போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை.

"அக்கா, கலியாணம் குழம்பி நிண்டு போச்சு."

"ஏனடா?"

"போட்டோ ஷூட்டுக்கு நான் போகேல்லை. ரேனர்ஸ் லேன் பழகிக்கொண்டு நிண்டன்."

அவன் நீட்டிய கைபேசியில் லக்‌ஷிகா இன்னும் அழைப்பில் இருந்தாள். கலியாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காக வாடகைக்கு ஒரு வெள்ளைக் குதிரை, நாலு நிறத்தில் புகை, மேலே பறக்கிற கமரா. எல்லாம் நேரத்துக்கு வந்திருந்தன, மாப்பிள்ளையைத் தவிர.

"ஒரு கோபமும் இல்லை, அக்கா," என்றாள் லக்‌ஷிகா. "அணி தோத்துக்கொண்டிருந்த காலத்தில இவர் நல்ல மாப்பிள்ளை, பின்னேரத்தில வீட்டில நிப்பார். இப்ப ஆளைக் காண ஏலாது. படப்பிடிப்புக்காரர் சொன்னார், குதிரையை வைச்சாவது எடுப்பம் எண்டு. நானும் குதிரையும் நிக்கிற படம் வடிவா வந்திருக்கு. அதைப் பாத்திட்டுத்தான் யோசிச்சன்."

யசோதினி துஷாந்தனைத் தோளில் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது. மண்டபம். சனிக்கிழமை. காலி.

அவள் வீட்டுக்குப் போவதற்குள் ஞானேஸ்வரனின் மின்னஞ்சல் வந்திருந்தது. 'எதிர்பாராத அதிர்ஷ்டவசமாக' மண்டபம் கிடைத்துவிட்டதாகவும், பொன்னாடை வரும் சனிக்கிழமை மாலை போர்த்தப்படும் என்றும் அறிவித்தது.

யசோதினி மூன்று பக்கம் பதில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி என்றாள். சனிக்கிழமை மாலை பொன்னாடை தோளில் விழுந்தால் பதினாலாம் பிரிவின்படி ஞாயிறு காலை அந்த ஐந்து பேரும் யாருமில்லாமல் நிற்பார்கள் என்றாள். அமெரிக்காவின் இருபது வருடக்காரரை நினைவூட்டினாள். கடைசியில் வாதத்தை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிவைக்கும்படி கேட்டாள். வீரர்களையும் கேட்டுப்பார்க்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை, உரிய இலக்கத்துடனும் திகதியுடனும், பதில் வந்தது:

'தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வேண்டுகோளின்படி சகலரிடமும் விசாரிக்கப்பட்டது. இறுதிப்போட்டிக்கு வருவதாக நாற்பத்தொரு பேரும், தங்கள் பிரியாவிடைக்கு வருவதாக நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அறிவித்துள்ளனர். பிந்திய தொகையில் தங்கள் பெற்றோரும், செல்வி லக்‌ஷிகாவும், அணியினர் முப்பத்தெட்டுப் பேரும் அடங்குவர். முன்வரிசை வீரர் ஐவரும் ஒரே மேசையில் அமர விரும்புவதாகத் தெரிவித்துள்ளனர். அவர்களை ஒன்றாக நிற்கப் பழக்கியமைக்கு சபை தங்களைப் பாராட்டுகின்றது. ஆகவே விழாவைத் தள்ளிவைக்க இயலாதென அறியத்தருகின்றோம். தங்களிடமிருந்து மட்டும் இன்னமும் ஒரு பதில் கிடைக்கவில்லை: மட்டனா, மரக்கறியா?'