வெள்ளைக்காரருக்குப் பயந்து ஏணியை ஒளித்தேன்

ஒரு இரும்பு கேட்டைக் கழற்றி ஒளித்துவிட்டால், ஒரு வெள்ளைக்காரரின் நாற்பது வருடப் போராட்டத்தை முறியடித்துவிடலாம் என்று நான் மனதார நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. (சின்ன வயசுல தெரியாமச் செஞ்சதுன்னு சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.)

தாராவியில் என் மச்சினன் முருகேசனுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டறை இருக்கிறது. மும்பை தூக்கிப் போட்ட டப்பா, பக்கெட், நாற்காலி எல்லாம் அங்கே வந்து, வகை பிரிந்து, மெஷினில் அரைபட்டு மூட்டையாகப் போகும். கோயில் கொடைக்குத் திருநெல்வேலி புறப்பட்டவன் சாவியை என்னிடம் கொடுத்தான்.

"அத்தான், சனிக்கிழமை மால் மூட்டையெல்லாம் லாரில போகணும். மெஷின் நிக்காம ஓடுனாப் போதும். நீங்களா எதுவும் செய்யாதிய."

மூன்றாம் நாள் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் போன் செய்தாள். இங்கிலாந்திலிருந்து சுற்றுச்சூழல் போராளி ஒருவர் மறுநாள் பட்டறையைப் பார்க்க வருகிறாராம். பெருமையாகச் சரி என்றேன். அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு ரசாயன ஆலையின் கேட்டில் தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார், ஆலை மூடப்பட்டது. முப்பதில் ஒரு புகைபோக்கி மேல் ஏறி இரண்டு நாள் இறங்கவில்லை; அதுவும் மூடப்பட்டது. மனிதர் போன இடமெல்லாம் பூட்டு. எழுதாத அடுத்த வரியில் முருகேசன் பட்டறை என் கண்ணுக்குத் தெரிந்தது.

கேட் இருந்தால்தானே பூட்டிக்கொள்வார்? காலையில் அதைக் கீலிலிருந்து தூக்கினேன். மாடிக்கு ஏணி இருந்தால்தானே ஏறுவார்? அதையும் கழற்றினேன். இரண்டையும் பக்கத்து அட்டைப்பெட்டி கோடவுனில் ரஹீம் பாயிடம் ஒப்படைத்தேன். அவர் கோடவுனைப் பூட்டிக்கொண்டு டோம்பிவிலியில் ஃப்ளாட் பார்க்கப் போய்விட்டார்.

மாடியில் பேச்சியம்மாளும் செல்லக்கனியும் பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

விருந்தாளி வந்தார். ஒல்லியாக, ஆறடிக்கு மேல், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். வணக்கம் சொல்ல நான் கையெடுத்த நேரம் பார்த்து மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, ஏணிய எங்க கொண்டு போயிட்டீரு?"

அவர் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள்; ஏணி இல்லை. ஏன் இறங்காமல் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏணியை எடுத்தது நான்தான் என்றால், பெண்களைச் சிறை வைத்தவன் என்று என் பெயரும் உலகச் செய்தியில் வரும். எனவே அவர்களாகவே இறங்க மறுப்பதாகச் சொன்னேன்.

அவர் முகத்தில் இருபது வயது குறைந்தது. அவர்களுடைய கோரிக்கை என்ன என்றார்.

"என்ன வேணும்னு கேக்காரு," என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

"ஏணி வேணும்," என்றார் பேச்சியம்மாள்.

"அத விட்டுட்டு வேற சொல்லுங்க." (இந்த வாயை எதால் அடிப்பது?)

மேலே ஒரு நிமிடம் குசுகுசு.

"அப்ப ஒரு ஃபேன் வேணும்னு சொல்லும். தகரம் ஆளப் பொரிச்சு எடுக்கு."

"கைக்குப் போட கிளவுசும் கேளுங்க மைனி," என்றாள் செல்லக்கனி.

நான் மொழிபெயர்த்தேன். வெள்ளைக்காரர் முனகிக்கொண்டே குனிந்து, மெதுவாக வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார். அவர்கள் இறங்கும்வரை தானும் எழுந்திருக்கப் போவதில்லையாம். மூட்டை உள்ளே வர வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. மெஷின்காரர் மெஷினை அணைத்துவிட்டு அவரோடு செல்ஃபி எடுக்க வந்தார்.

மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு அட்டையின் பின்புறம் ஃபேன், கிளவுஸ், நாலு மணி டீ என்று எழுதி, பொறுப்பாளர் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். ரஹீம் பாய் திரும்பி வந்த பிறகுதான் ஏணி வந்தது. இறங்கிய பெண்களின் கையைப் பிடித்துக் குலுக்கும்போது அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைத் தரையிலிருந்து தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய முருகேசன் ஃபேனை மாட்டிக் கொடுத்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவன் ஊருக்குப் போனால் முதல் டிக்கெட் எனக்குத்தான். "அத்தான இங்க விட்டுட்டுப் போக முடியாதுக்கா" என்று என் மனைவியிடம் சொல்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே என் பெட்டியைக் கட்டுகிறாள்.

அந்தத் தொண்டு நிறுவனத்துப் பெண் பிறகு சொன்னாள். அவர் போராட்டத்தை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதாம். தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தட்டிப் பார்த்தே பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற ஒரு அம்மா தாராவியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேச்சியம்மாளைப் பார்க்கத்தான் வந்தாராம்.

பேச்சியம்மாள் தட்டிச் சொல்வதை மட்டும் அவர் பார்க்கவில்லை.