இரட்டைப் பூட்டுப் போட்ட ஃபோல்டர்

காயல்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மிகுந்த மாப்பிள்ளை முஜாஹித் அவர்களுக்கு, மாமா ஹபீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் மாமி ருகையாவும் மகள் ஆமிராவும் நானும் இறைவன் கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் சில நாட்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தம்மாமில் உங்கள் உடம்பும் வேலையும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குரல் பதிவாக அனுப்பச் சொன்னீர்கள். முயன்றேன். போட்டுக் கேட்டபோது பெரும்பகுதி நான் தொண்டையைக் கனைப்பதாகவே இருந்தது. ஆகவே போனிலேயே தட்டி இந்த மின்னஞ்சல்.

ஆமிராவின் ஃபேமிலி விசாவுக்காக நிக்காஹ் சான்றிதழ் நகலையும் பாஸ்போர்ட் நகலையும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்பெனியில் கொடுத்தாக வேண்டும், தவறினால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். அசல்கள் அட்டெஸ்டேஷனுக்காகச் சென்னை ஏஜென்டிடம் இருக்கின்றன. அவர் போனை எடுப்பதில்லை. நம் வீட்டுக் கணினியில் ஆமிரா பெயரிலுள்ள ஃபோல்டரில் ஸ்கேன் செய்து வைத்திருப்பதுதான் கதி. அது பத்திரமாக இருக்கிறது. அளவுக்கு மீறிப் பத்திரமாக இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம். அதை முறைப்படி தெரிவிக்கிறேன்.

கணினி அடிக்கடி தானாக நின்றுபோய்த் தூத்துக்குடி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது உங்கள் மாமி என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்தில் பெண்கள் பக்கம் எடுத்த படங்கள் எல்லாம் அதே ஆமிரா ஃபோல்டரில்தான் கிடக்கின்றன, ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள், கடைக்காரர் கண்ணில் பட்டால் நான் தெருவில் நடக்க முடியாது என்றாள். உங்களுக்குத் தெரியும், அந்தப் படங்களை நானே பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பூட்டுவது எப்படி என்று ரிப்பேர் கடை ஜாய்சனிடமே போனில் கேட்டேன். முதலில் ஃபோல்டரை மறைத்து வைக்கும் முறையைச் சொன்னார். மறைத்தேன். பிறகு எனக்கே அகப்படவில்லை; மீட்பதற்கு ஒரு பகல் போயிற்று. அடுத்து, எல்லாவற்றையும் ஸிப் கோப்பாகக் கட்டி அதற்குப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார். "ஆனா அண்ணாச்சி, பாஸ்வேர்டை மறந்தீங்கன்னா நானே வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க" என்றும் எச்சரித்தார். எனக்கு என் ஞாபகத்தின் மேல் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. அந்த இடத்தில்தான் என் வேலை அனுபவம் கைகொடுத்தது. துறைமுகத்துப் பாண்டட் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வரி கட்டாத சரக்கு கிடக்கும் கிடங்குக்குக் கஸ்டம்ஸ் பூட்டு ஒன்று, வியாபாரி பூட்டு ஒன்று. இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதே முறைப்படி பாஸ்வேர்டின் முன்பாதியை உங்கள் மாமியும் பின்பாதியை அவள் தங்கை ஜஹ்ராவும் வைத்துக்கொள்வது, எனக்கு எதுவும் தெரியாமல் இருப்பது என்று ஏற்பாடு செய்தேன். ஒருத்தி அடிக்கும்போது மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, சரிபார்ப்புக்காக மறுபடியும் அடிக்க, நாற்காலி கைமாறிக் கைமாறி, முதல் தடவை பொருந்தாமல், பிறகு ஒருவழியாகப் பூட்டு விழுந்தது. பூட்டிய கோப்புக்குப் பக்கத்திலேயே பழைய ஃபோல்டர் திறந்தபடி கிடந்ததை நல்லவேளையாக நான் கவனித்து அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். என் வாழ்நாளில் ஒரு வேலையைக் குறையில்லாமல் முடித்தேன் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

ஆனால் நீங்கள் விசா விஷயம் எழுதியதும் அக்காள் தங்கைக்குள் பிளவு வந்துவிட்டது. உங்கள் மாமி, புருஷன் இருக்கும் இடத்தில் பிள்ளை இருக்கட்டும் என்றாள். இந்த ஊரில் பெண்பிள்ளை உம்மா வீட்டை விட்டுப் போனதுண்டா, மாப்பிள்ளைதானே வீடு தேடி வருவார், உன் மாப்பிள்ளையும் அப்படித்தானே பெட்டியோடு வந்தார் என்று ஜஹ்ரா என்னைக் கைகாட்டிக் கேட்டாள். நான் சாட்சியாக நின்றேன். எந்தப் பக்கத்துக்கு என்று எனக்கே விளங்கவில்லை. பேச்சு முற்றி, எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவை ஜஹ்ரா அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பாஸ்வேர்டின் பின்பாதி அந்தப் பக்கம் போய்விட்டது.

பிறகு நடந்ததை நம்புவீர்களோ என்னவோ. இன்று ஜும்ஆ முடிந்து வந்து, சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு, நானே அந்தக் கதவைத் தட்டினேன். திறந்தாள். நான் யார் கட்சியும் இல்லை, உன் பாதியை மட்டும் அடித்துக் கொடு, அப்புறம் சண்டையை விட்ட இடத்தில் தொடரலாம் என்றேன்.

"நல்லா இருக்கு மச்சான். நான் என் பாதியை அடிச்சா, பிள்ளையப் பிளேன்ல ஏத்துற பாவத்துல பாதி எனக்குல்லா வரும்" என்றாள்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் திரும்பி வந்துவிடுவேன். இன்று வரவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் படங்களை நீங்கள் ஒருவருமே பார்க்கவில்லையே, உன் மகளும் அதில் இருக்கிறாளே என்றேன். சற்று யோசித்து, "போட்டோ பாக்கத்தான் வாரேன், பேப்பர் அனுப்ப வரல, சொல்லிட்டேன்" என்று தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாராமல் தங்கள் தங்கள் பாதியை அடித்தார்கள். பூட்டுத் திறந்தது. நான் முறைப்படி ஹாலுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே முதலில் மவுஸ் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ கழுத்துநகையைத் திருப்பிப் போட்டிருந்தது பற்றிப் பேச்சு எழுந்தது. பிறகு சிரிப்பு. பிறகு இருவரும் சேர்ந்து மூக்கை உறிஞ்சும் சத்தம். ஆமிராவும் போய்ச் சேர்ந்துகொண்டாள். இப்போது நடுக்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. ஜஹ்ரா வீட்டு வட்டலப்பம் ஒரு கிண்ணத்தில் என் முன்னால் இருக்கிறது. சமாதானம் செய்து வைப்பது எனக்கு இவ்வளவு எளிதாக வரும் என்று தெரிந்திருந்தால் முன்பே செய்து பழகியிருப்பேன். அவர்கள் கணினியை விட்டு எழுந்ததும் சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் இத்துடன் இணைத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இதைத் தயங்காமல் எழுதுகிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உம்மாவுக்கு வாரம் தவறாமல் போன் செய்து, நலமே நிலைக்க வேண்டும் என்ற துஆவுடன்,

உங்கள் மாமா,
ஹபீப்.

பி.கு.: இணைப்பதற்காகக் கணினியில் போய் உட்கார்ந்தேன். கோப்பு மறுபடியும் பூட்டியிருக்கிறது. இந்தத் தடவை நாற்காலி கைமாறவில்லையாம். அக்காளும் தங்கையும் ஒன்றாக யோசித்து முழுப் பாஸ்வேர்டாகவே புதிதாக வைத்துவிட்டார்கள். நீதானே சம்மதம் சொன்னாய் என்று உங்கள் மாமியிடம் கேட்டேன். "அது போட்டோவப் பாக்கும் முன்ன சொன்னது" என்றாள். ஜஹ்ரா இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு வேணும்னா இங்கன வந்து கேக்கட்டும். ருகையா லாத்தாவும் நானும் சேந்தே திறந்து தாரோம்." சண்டை நீடித்திருந்தால் உங்கள் மாமி ஒருத்தியாவது நம் பக்கம் இருந்திருப்பாள், அதைக் கெடுத்தவன் நான்தான். கடைசியாக ஆமிராவைப் பார்த்தேன். அவளாவது கோபப்படுவாள் என்று நினைத்தேன். "பேப்பர் கிடக்கட்டும் வாப்பா. அவங்களுக்கு லீவு எப்பன்னு மட்டும் கேளுங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியவற்றில் சலாமும் துஆவும் மட்டுமே செல்லும். மற்றவற்றை ரத்து எனக் கொள்ளவும். லீவு எப்போது?