ஊசிக்காரரின் தங்கச்சி

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஊசிக்காரரைக் கண்டு ஓடாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அவர் கதையைக் கேட்டுத் திரும்பி வராத பிள்ளையும் கிடையாது.

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் உத்தியோகம். குத்திக்கொண்டவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது என் உத்தியோகம். அவரைக் கேரியரில் வைத்துச் சைக்கிள் மிதித்தது எந்த உத்தரவிலும் இல்லாத உத்தியோகம். பின்னால் குடை பிடித்தபடி, "மெதுவாப் போங்க தம்பி, ஊசி குலுங்குது" என்பார். குலுங்கியதென்னவோ அவர் தொந்திதான்.

எங்கள் சைக்கிள் தெரிந்ததுமே தெரு காலி. பிள்ளைகள் வைக்கோல்போருக்குப் பின்னால், தாய்மார்கள் கதவுக்குப் பின்னால். அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். மரத்தடியில் உட்கார்ந்து, ஆளில்லாத தெருவுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"ஏழு வயசுல நானும் ஒங்கள மாதிரிதான். ஊசிக்காரனப் பாத்ததும் நெல்லுக் குதிருக்குள்ள குதிச்சிட்டேன். உள்ள ஒரு எலி! 'ஏன்டா, இது எங்க வீடு, ஒனக்கு இங்கிட்டு என்னடா வேலை?'ன்னு கேக்குது!"

எலிக்குத் தனிக் குரல், தனி மூக்கு. வைக்கோல்போர் சிரிக்கும். ஒவ்வொரு தலையாக வெளியே வரும். அப்போதுதான் தன் முகத்தைத் தொட்டுக் காட்டுவார். அதில் அம்மைத் தழும்பு இல்லாத இடம் கண் இரண்டும்தான்.

"ஒளிஞ்சவன் மொகம் இது. எந்தங்கச்சி ஒளியல, கைய நீட்டுனா. இன்னைக்கும் மொகம் வெள்ளித்தட்டு மாதிரி இருக்கு. நாலு புள்ளைக்குத் தாயி!"

உடனே வரிசையாகக் கைகள் நீளும்.

அந்தத் தங்கச்சி, வடக்கே குன்றாண்டார்கோவிலில் கதை சொன்னால் கடற்கரைக் கோட்டைப்பட்டினத்தில் இருப்பாள். கிழக்கு எல்லை ஊர்களில் சொன்னால் குன்றாண்டார்கோவிலில் இருப்பாள். "அவுகள ஒரு ஊருல நெலையாக் குடிவையுங்கய்யா" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

கீரமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் மாட்டிக்கொண்டார். அன்றைக்குத் தங்கச்சி குன்றாண்டார்கோவிலில் இருந்தாள். மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"எந்த வீடுங்க? நான் பொறந்து வளந்ததே அங்கிட்டுத்தான். அப்படி ஒருத்திய நான் பாத்ததே இல்லையே?"

நீண்டிருந்த கைகளெல்லாம் சட்டென்று உள்ளே போயின. அடுத்த ஊரில் அம்மை கண்டிருந்த நேரம் அது.

ஊசிக்காரர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அவ இல்ல தாயி. கைய நீட்டத்தான் போனா, அஞ்சு வயசு. நாந்தான் அவளையும் குதிருக்குள்ள இழுத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் அம்மை வாத்துச்சு. நான் மட்டும் பொழச்சேன்."

அந்தப் பெண் அவர் எதிரே உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்து நீட்டினாள்.

"வலிக்காமக் குத்துங்கண்ணே."

அன்று அந்த ஊரில் ஒரு கைகூட மிச்சமில்லை.

திரும்பும்போது கேட்டேன். "இனிமே நெசத்தையே சொல்லிரலாமேய்யா?"

"பச்சப்புள்ளைககிட்டயா? வேணாம் தம்பி. அதுக சிரிச்சுக்கிட்டே வரட்டும்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "அந்தக் கதையிலயாச்சும் அவ கைய நீட்டுறால்ல?"

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் வடக்கே ஓர் ஊரில் ஒரு பெரியவர், "தங்கச்சி கதை நெசந்தானா?" என்று இழுத்தார். ஊசிக்காரர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நெசந்தாங்க. போன வாரம் கோட்டைப்பட்டினத்துல அவுக வீட்டுலதான் மீன்கொழம்பு சாப்புட்டேன்."

மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிறவன் நான். அந்த மனிதருக்காக இன்னும் பத்துக் குழம்பு சாப்பிட்டிருப்பேன்.