சலூன் மீனின் பல்

"வாயைத் திற" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்லிப் பழகிய பல் டாக்டர், இன்று காலையிலிருந்து அதையே ஒரு மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் கேட்பதாயில்லை.

போன வாரம் கிளினிக் தொட்டிக்கென்று வாங்கியது. உப்புத்தண்ணீர் மீன். விரல் நீளம், நீல உடம்பு, கறுப்புக் கோடு. கடைக்காரர் அதைச் 'சலூன் மீன்' என்றார். மற்ற மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தின்று சுத்தம் செய்யுமாம். ஐந்து நாள் அப்படித்தான் செய்தது. "ஒத்தையா இருக்கு, பாவம்" என்று நர்ஸ்கூட உருகினாள். அவள் இன்று லீவு.

இன்று காலை பார்த்தால், தொட்டியிலிருந்த மஞ்சள் மீனின் வாலில் ஒரு துண்டைக் காணோம்.

அந்த மஞ்சள் மீன் டாக்டருடைய மகள் ஆறு வருஷமாக வளர்த்தது. படிக்க வெளியூர் போகும்போது, "அப்பா, பத்திரமாப் பாத்துக்குங்க" என்று கண்கலங்கி ஒப்படைத்துவிட்டுப் போனாள். நாளைக்கு வருகிறாள்.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்.

"அச்சு அசலா அதே மாதிரி ஒரு போலி உண்டு சார். சுத்தம் பண்றேன்னு கிட்ட வந்து கடிச்சிட்டு ஓடிடும். வாயைப் பாருங்க. நல்லதுக்கு வாய் மூஞ்சி நுனியில இருக்கும். போலிக்குக் கீழ இருக்கும், உள்ள ரெண்டு கோரைப்பல்லு."

"பல்லா? அதை எங்கிட்ட விடுங்க!"

பார்த்தார். வாய் நுனியில்! நிம்மதியாக ஒருவருக்குப் பல்லை அடைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கீழே.

தொட்டியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், நுனியில். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், கீழே. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டார். மீன் பாறை இடுக்கில் புகுந்தது. பாறையை நகர்த்தினார். மணல் கிளம்பித் தொட்டியே கலங்கிப்போனது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி அதுக்கு டோக்கன் குடுத்துட்டீங்களா?"

"ஒரு நிமிஷம் ஐயா."

"பரவாயில்ல. அதுக்குப் பிடுங்கிட்டே வாங்க."

கடைசியில் மீன் ஒரு கண்ணாடி டம்ளரில் அகப்பட்டது. டார்ச் அடித்தார். வாய் கீழே. ரெண்டு கோரைப்பல், பளிச்சென்று!

"மாட்டினியா!" என்று கத்திய வேகத்தில் டம்ளர் சாய்ந்து, மீன் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. விடுவாரா? வலையைவிட்டுத் துழாவிப் பிடித்துப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல மீன்தானே சார். வாய் நுனியில இருக்கு. பல்லு எங்க?"

டாக்டர் பார்த்தார். பல் இல்லை. முப்பது வருஷத் தொழில். கண்ணால் பார்த்த பல்லையே காணோமென்றால், இனி எந்த முகத்தோடு அந்தப் பெரியவர் வாயில் கையை விடுவது? அழுகை வந்துவிடும் போலிருந்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பரிவோடு தண்ணீர் கொடுத்தார்.

"விடுங்க சார். நேத்து உங்க நர்சம்மா இதுக்கு ஜோடி கேட்டு வந்து, எங்கிட்ட இல்லைன்னதும் எதிர்க்கடையில ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்களே, அது எப்படி இருக்கு?"