கழல மறுக்கும் நாலாவது போல்ட்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் நீங்கள் வளர்க்கும் பூச்செடிகளும் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம், உன் அத்தானின் தோள்பட்டையைத் தவிர. வேன் ஏன் இன்னும் வரவில்லை என்று நீயும் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் நான் ஆரம்பித்தால் "சரிக்கா, சரிக்கா" என்று நடுவிலேயே வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், வாசலில் நிற்கும் வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே போய் மல்லாந்து படுத்தேன். பயப்படாதே, நாலைந்து நாளாக என் பிழைப்பு இதுதான். செடி ஏற்ற இடம் வேண்டும், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள் என்று நீ கேட்டாய். "சும்மாதானே நிக்குது, எடுத்துக்கப்பா" என்று உன் அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். வேனைக் கொடுக்கலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "ஆகட்டும்" என்றிருப்பேன். அந்தச் சொல் என் வாயில் எப்போதும் தயாராக உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சீட்டை நாலு போல்ட் தரையோடு பிடித்து வைத்திருக்கின்றன. முன்னால் இருந்த இரண்டும் மரியாதை தெரிந்தவை, சொன்னதும் வந்துவிட்டன. மூன்றாவது கொஞ்சம் முனகிவிட்டு வந்தது. நாலாவது, சக்கரத்துக்கு மேலே தரை புடைத்திருக்கும் மேட்டுக்கும் சீட்டின் காலுக்கும் நடுவே ஓர் இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் கைக்கு எட்டாது, கைக்கு எட்டினால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனரை வைத்தால் ஒரு நூலளவு திருப்பலாம், அதற்குள் மேடு தடுக்கும், எடுத்து மறுபடி வைக்க வேண்டும். உன் அத்தானின் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. போனது போனதுதான், சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் வெளியே எடுத்தோம். அன்றைக்கே அந்த வேலை என் ஒல்லிக் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் மேலே திருப்பினால் கீழே நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அதனால் அவர் வேனுக்கு அடியில் பழைய போர்வையை விரித்துப் படுத்து நட்டைப் பிடித்துக்கொள்வது, நான் மேலே படுத்துத் திருப்புவது என்று ஏற்பாடு. நடுவில் ஒரு தகரம். அதைத் தாண்டி அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பிடிச்சிருக்கா?"

ஸ்பேனர் போல்ட்டின் தலையைப் பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்டார். எனக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது. கல்யாணம் பேசும்போதுகூட யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"ஏய், பிடிச்சிருக்கா இல்லையா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்."

"யோசிக்கிறேன்."

"இதுல என்னம்மா யோசனை? சரி, இடது பக்கம் திருப்பு."

எந்த இடது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் அண்ணாந்து பார்க்கும்போது அவருடைய இடது எனக்கு வலது. அவர் சொன்னபடியெல்லாம் திருப்பினேன். வியர்க்க வியர்க்க இருவருமாகச் சேர்ந்து அதை இன்னும் நன்றாக இறுக்கியிருக்கிறோம். கல்லூரியிலிருந்து வந்த உன் மருமகள் பையைக்கூட இறக்காமல் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இது கழட்டுறதா, மாட்டுறதா?" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தது.

பிறகு மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் "ஆச்சு ஆச்சு" என்பதால் தெருவே அவரை ஆச்சு அண்ணன் என்றுதான் கூப்பிடும். குனிந்து பார்த்தார், தாடியைச் சொறிந்தார். "கட்டர் வெச்சு அறுத்துடலாம். ஆனா அடியிலேயே பெட்ரோல் குழாய் போகுது. ஒரு பொறி பட்டுச்சுன்னா சீட்டு தானா வெளிய வந்துடும், கூடவே நீங்களும் வந்துடுவீங்க. தையல் மெஷின் எண்ணெய ஊத்தி ஊறப் போடுங்க. எடுத்துட்டா சொல்லுங்க, சீட்ட நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்துதான் வந்தது வம்பு. மறுநாள் உன் அத்தான் வாசலில் நின்று அவரிடம் போனில் உரக்கப் பேசுகிறார்: "அதேதாங்க. எந்நேரமும் உள்ளயேதான் படுத்துக் கெடக்கா. லேசா கழண்டிருக்கு. முழுசா கழண்டதும் சொல்றேன், வந்து தூக்கிட்டுப் போயிடுங்க." எதிர்வீட்டம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு ஒரு தம்ளர் பாலோடு வேனுக்குள் ஏறி வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"மனசுல எதையும் வெச்சுக்காதம்மா. எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இப்ப தேவல, துணியெல்லாம் அவளே மடிக்கிறா."

"இல்லங்க, போல்ட்டு. அதத்தான் சொல்றார்." ஸ்பேனரை உயர்த்திக் காட்டினேன். அதைக் காட்டியிருக்கக் கூடாது.

"சரிம்மா, போல்ட்டுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லாமலே தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. காய் வாங்கப் போனால் பையை யாராவது வாங்கித் தூக்கிக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், உள்ளே படுத்திருப்பது அப்படியொன்றும் மோசமில்லை. சீட்டுக்கு அடியில் வேறொரு ஊரே இருக்கிறது. உருகி ஒட்டிய கிரேயான் துண்டு, ஒற்றைக் காதணி, யாரோ தின்று போட்ட கொட்டை. கண்ணாடி வழியாக வரும் வெயில் கூரையில் நீர் மாதிரி ஆடும். வீட்டில் குக்கர் கத்துவதும் போன் அடிப்பதும் கேட்கும், ஆனால் எதுவும் என்னைக் கூப்பிடுவதாக இருக்காது. வேலையாக இருக்கிறேன் அல்லவா? நேற்று ஜன்னலில் ஒரு பெரிய மேகம் போனது. மேகம் நின்றுவிட்டு வேன் போவதுபோல் இருந்தது. தெரு தாண்டி, கடைசி வீடு தாண்டி, ஆளில்லாத ஒரு சாலையில், என்ஜின் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். "என்ன, தூங்கிட்டியா?" என்று கீழேயிருந்து குரல் வரும்வரைக்கும் போனேன். அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வந்துதான் ஸ்பேனரைத் தேடி எடுத்தேன்.

ஆகவே தம்பி, இந்த போல்ட் கழல்வதாகத் தெரியவில்லை. நீ வேறு வண்டி பார்த்துக்கொள்வது நல்லது. அத்தான் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது, துருப்பிடித்த ஓர் இரும்புதான் குறுக்கே நிற்கிறது என்று எடுத்துக்கொள். உன் செடிகள் தழைக்கட்டும், உன் வீடு நிறையட்டும், உன் மனைவியின் முதுகுவலி விலகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பி.கு.: அந்த போல்ட் இன்று காலை கழன்றுவிட்டது. கீழே யாரும் இல்லை, "இடது" என்று சொல்லவும் ஆளில்லை. எண்ணெய் ஊறியிருந்ததோ என்னவோ, இந்த முறை நட்டு கூடவே சுற்றாமல் தகரத்தோடு நின்றுகொண்டது, போல்ட் மட்டும் பால்பல் மாதிரி உள்ளங்கையில் வந்து விழுந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்து இறுக்கினேன். மற்ற மூன்றையும் தேடி எடுத்து அவற்றையும் மாட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தைக்கூட உள்ளே படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் இன்னும் போராடுகிறேன்.

நான் கல்லூரி நாளிலேயே கார் ஓட்டப் படித்தவள் என்பது இங்கே யாருக்கும் ஞாபகமில்லை. உனக்கு இருக்கும். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் வாந்தி எடுத்தவன் நீதான். வேன் வராது, தம்பி. அதை நான் ஓட்டப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை இதை யாரிடமும் சொல்வதாக இல்லை. எங்கே போவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் பின்சீட்டு கட்டாயம் வேண்டும். ஆளில்லாத சாலையாகப் பார்த்து நிறுத்தினால், காலை நீட்டிப் படுக்க வேண்டாமா?