குளிர்பெட்டி காத்த படலம்

மூன்று அறைக்கும் ஒரு பால்கனிக்கும் கோமானும், பதினோரு பிளக்குகளின் தனிப்பெருங் காவலரும், சோபாவையன்றி வேறு அரியணை வேண்டாப் பெருந்தகையுமாகிய வீட்டுக்காரர் வாழ்க! ஃப்ரிட்ஜ் என்று உலகோர் விளிக்கும் குளிர்பெட்டி சென்ற ஆண்டு மின்பெருக்கில் கருகி மாண்டபோது, அவர் அதன் அருகிலேயே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சேதியை நாம் கிளற வேண்டாம். அவர் மனைவி கிளறினார். புதியது வந்திறங்கிய அன்றே அடுக்களை அதிர ஆணையிட்டார்: "இதுவும் எரிஞ்சுதுன்னா, அதோட சேர்த்து உங்களையும் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுடுவேன், ஆமா!"

அந்தோ, பின்னொரு நண்பகல்! கூடத்து பல்ப் கண்கூச வெளுத்தது. மின்விசிறி பேய்பிடித்தாற்போல் சுழன்றது. இத்தனை நாள் கம்பிக்குள் அடங்கிக் கிடந்த மின்னரக்கன் கரைபுரண்டு வந்துவிட்டான். எழுந்தார் நம் தலைவர்! மூக்குக்கண்ணாடி நழுவ, நாற்காலி கவிழ, முழங்கால் மேசையில் இடிபட, "ஐயய்யோ!" என்னும் போர்முழக்கத்தோடு பாய்ந்து, டிவியின் பிளக்கைப் பிடுங்கி, வாஷிங்மெஷினுடையதைப் பிடுங்கி, மிக்ஸியுடையதைப் பிடுங்கி, எதனுடையது என்றே தெரியாத ஒன்றையும் இரக்கமின்றிப் பிடுங்கி, இறுதியாகச் சுவருக்கும் குளிர்பெட்டிக்கும் இடைப்பட்ட ஒட்டடை மண்டிய கணவாயில் தம் வலக்கரத்தை நுழைத்தார். நுழைந்த கரம் அங்கேயே சிக்கிக்கொண்டது. விரல்நுனிக்கும் பிளக்குக்கும் இடையே ஓரங்குலம். குளிர்பெட்டியோ என்றுமில்லாதபடி உறுமியது.

அவ்வேளை, ஈரத்தலையில் சுற்றிய துண்டே மணிமுடியாகக் குளியலறையினின்று வெளிப்பட்ட இல்லத்தரசி, சிக்கிக் கிடந்த கணவரைக் கடந்து வாசற்பக்கம் சென்று, மெயின் சுவிட்சை ஒற்றை விரலால் தட்டி அணைத்தார். அண்டம் அடங்கிற்று. குளிர்பெட்டி பிழைத்தது.

"பாத்தியா! காப்பாத்திட்டேன்!" என்று சுவரில் ஒட்டிய கன்னத்தோடு முழங்கினார் வெற்றிவேந்தர்.

"அது சரி. இதுக்குன்னே போன மாசம் ஸ்டெபிலைசர் வாங்கினோமே, எங்க அது?"

போர்க்களம் பல கண்ட அப்பெருவீரர், ஒட்டடை படிந்த இமைகளை மெல்ல மூடி, வையகம் உள்ளளவும் நிலைபெறத்தக்க தம் மறுமொழியை மொழிந்தருளினார்:

"கரண்ட் ஏறி இறங்கினா அது கெட்டுப் போயிடும்னு, பெட்டியைப் பிரிக்காம பீரோ மேலயே வச்சிருக்கேன்."