முகத்தில் ஒன்றும் காட்டாதவர்

உணர்ச்சிகளை வென்றவர் என்றொரு மனித இனம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. இவரைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்படத் தேவையில்லை. வென்றுவிட்டதை அவரே வந்து சொல்லுவார். "எனக்கு இப்பெல்லாம் கோவமே வாறல்ல!" என்று அவர் அறிவிக்கும் சத்தத்தில் தகரக் கூரையில் இருக்கும் காகங்கள் எழுந்து பறக்கும். இயல்பிலேயே சாந்தமானவர்களை இந்த இனத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் தாங்கள் சாந்தமானவர்கள் என்பதே தெரியாமல் வாழ்ந்து மௌத்தாகிப் போகிறவர்கள். நான் சொல்லும் ஆள் வேறு. இவர் பயிற்சி எடுத்தவர்.

கல்முனைக்குடியில் என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே ஆணி, பெயின்ட், பைப் விற்கும் காலிதீன் இந்த இனத்தின் நல்லதொரு மாதிரி. முன்பு அவர் வெளிப்படையான கோபக்காரர். அரை அங்குல ஆணி கேட்டு வந்தவர் முக்கால் அங்குலம் என்று மாற்றிச் சொன்னால் அவருடைய பரம்பரையையே விசாரிப்பார். ஆனாலும் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கோபம் வந்த வேகத்தில் போய்விடும். போகும்போது ஒரு கோப்பை பிளேன்டி வாங்கித் தந்துவிட்டுப் போகும்.

அப்படிப்பட்டவரின் போனில் ஒரு சீட்டாட்டம் வந்து இறங்கியது. போக்கர் என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. கை நன்றாக இருந்தால் பந்தயம் கட்டலாம். மோசமாக இருந்தால் மடித்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். மோசமாக இருந்தும் பெரிதாகக் கட்டி மற்றவனை வெருட்டி மடிக்கவைக்கலாம். காசு வைத்து ஆடுவது ஹராம் என்பது காலிதீனுக்குத் தெரியாதா? அவர் ஆடியது கம்பனிக்காரன் சும்மா கொடுக்கும் வில்லைகளால். அவற்றை வைத்து ஒரு வெத்திலைகூட வாங்க முடியாது. இதை அவர் கேட்காதவர்களிடமும் விளக்குவார்.

சும்மா கிடைத்த வில்லை சும்மாவே போனால் மனிதனுக்கு என்ன நட்டம்? ஆனால் அவர் கொதித்தார். பிரேசிலில் இருந்து ஆடும், பூனைப் படம் போட்ட ஒருவன் இவரைத் திரும்பத் திரும்ப வெருட்டி மடிக்கவைத்தான். தோற்ற அடுத்த நிமிடமே, அவனை ஒரு கை பார்க்கவேண்டும் என்று இருக்கிற எல்லா வில்லைகளையும் தள்ளுவார்; அதுவும் போகும். ஒருநாள் போனை வீசினார். அது திறந்திருந்த பச்சைப் பெயின்ட் வாளிக்குள் விழுந்தது.

போனைத் துடைத்து உயிர்ப்பித்தபின் அவர் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். தாடி வைத்த ஒருவர், பின்னால் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, போக்கரில் வெல்வது எப்படி என்று பாடம் நடத்துவார். மோசமான கையை மடி, நல்ல கைக்குக் காத்திரு. தோற்றதைத் துரத்தாதே. கோபம் வந்தால் எழும்பி நட. கடைசியாகப் பேசுகிறவனே அதிகம் அறிந்தவன். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடு. முகத்தில் ஒன்றையும் காட்டாதே. போனில் ஆடுகிறவரின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பூனைப் படக்காரனா? காலிதீன் அதைக் கேட்கவில்லை. கடைக் கண்ணாடியின் முன்னால் நின்று முகத்தைப் பழக்கினார்.

அறிவுரைகள் எல்லாம் நல்ல அறிவுரைகள்தான். வந்த வினையே அதுதான். அவற்றின்படி ஆடி அவர் வெல்லத் தொடங்கினார். பூனைப் படக்காரனையே ஒருநாள் மடிக்கவைத்தார். வென்றவர் சும்மா இருப்பாரா? போனுக்குள் பலித்த வித்தையைக் கல்முனைக்குள் இறக்கினார்.

முதலில் ஒரு கந்தூரிச் சாப்பாட்டில். ஆறு பேர் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியாகக் கை வைக்க முடிவு செய்தார் காலிதீன். பார்த்தார். மற்றவர்கள் இறைச்சியை எடுத்தார்கள். அவருக்கு முழுத் தகவலும் கிடைத்தது. வெறும் சோறும் கிடைத்தது. அடுத்தது பள்ளிவாசல் கூட்டம். வடிகானை யார் கடைக்கு முன்னால் வெட்டுவது என்பது பேச்சு. எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். எல்லோரும் பேசி முடித்தார்கள். ஸலவாத்து ஓதிக் கலைந்தார்கள். வடிகான் இவருடைய கடைக்கு முன்னால் வந்தது.

"கோவமா இரிக்கா?" என்று கேட்டேன்.

"கோவமா? எனக்கா?" என்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் மட்டும் கழுவிய கோப்பை மாதிரி இருந்தது. "அந்தக் கைய நான் மடிச்சிட்டன், டொக்டர்." மருந்து விற்பதால் நான் அவருக்கு டொக்டர்.

அவருடைய மனைவி ஜெனூபா ஒருநாள் என் கடைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "இவருக்கு வாதம் கீதம் வந்திரிக்குமோ? ஆணம் ருசியா இரிக்கா எண்டு கேட்டாலும் அப்பிடியே பாத்துக்கிட்டு இரிக்காரு. ஒண்டும் விளங்குதில்ல." பிரஷரைப் பார்க்கக் கூட்டிவரச் சொன்னேன். பிரஷர் கூடித்தான் இருந்தது.

இதுவரைக்கும் நட்டம் இறைச்சியும் வடிகானும். சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்து நடந்ததில் எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

காலிதீனுக்கு ஒரே மகள், இன்ஷிரா. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்தவன் ஸாஜித். இப்போது ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். சாய்ந்தமருதில் கரைவலை வைத்து மீன்பிடிக்கும் மீராமுகைதீனின் மகன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது வழக்கம். பிள்ளைகளின் விருப்பம் என்று தெரிந்ததும் மீராமுகைதீன் அந்த வழக்கத்தைப் பார்க்கவில்லை. மனைவி ஹுஸ்னியாவையும் வாழைக்குலையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும் என்று காலிதீன் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்குப் பையனை முன்பே தெரியும். நல்ல பிள்ளை என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மீராமுகைதீன் பிளேன்டியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "காலிதீன் காக்கா, எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியா. உங்கட புள்ளைய எங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி. புள்ளயளுக்கும் விருப்பம். நீங்க என்ன சொல்றீங்க?"

காலிதீன் மூச்சை மெல்ல இழுத்தார். மெல்ல விட்டார். மின்விசிறி சுற்றியது. ஹுஸ்னியா முக்காட்டைச் சரிசெய்தார். திரைக்குப் பின்னால் ஜெனூபா இருமினார். பிறகு கொஞ்சம் பலமாக இருமினார். காலிதீனின் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததைப் பார்த்து எழுந்து போனது.

கடைசியில் சொன்னார்: "பாப்பம். வேற ரெண்டு இடத்தாலயும் கதை வந்திரிக்கி."

எந்த இரண்டு இடம்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் இருமல் நின்றுவிட்டது.

மீராமுகைதீன் அவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெயிலிலும் உப்பிலும் கறுத்த அந்த மனிதர் கடலைப் பார்த்து மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லுவார். இந்த முகத்தில் அவருக்கு ஒன்றும் தென்படவில்லை. "சரி காக்கா. அல்லாஹ் எழுதினது நடக்கும்" என்று எழுந்தார். ஹுஸ்னியா பின்னால் போனார்.

ஆட்டோ தெருவைத் தாண்டியதும் காலிதீன் என் பக்கம் திரும்பினார். அன்று முதல்தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா டொக்டர்? மடிச்சிட்டாரு!"

ஆட்டத்தில் எதிராளி மடித்தால் மேசையில் இருப்பதெல்லாம் நமக்கு. இங்கே மேசையில் இருந்ததே ஆட்டோவில் ஏறிச் சாய்ந்தமருதுக்குப் போய்விட்டதை எப்படி இந்த மனிதருக்கு விளங்கப்படுத்துவது?

இன்ஷிரா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "வாப்பா, உங்களுக்கு அவங்களப் புடிக்கல்லயா?"

"சே, நல்லாப் புடிச்சிரிக்கி மகள்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நம்மட கையில இரிக்கிறது வெளிய தெரிஞ்சிரும்."

"நம்மட கையில என்ன வாப்பா இருந்த, ஒளிக்கிறத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் திரும்பி வருவார்கள் என்று காலிதீன் காத்திருந்தார். வரவில்லை. ஜெனூபா, "ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வாங்களன்" என்று கெஞ்சினார். போனதைத் துரத்தக் கூடாது என்றார் காலிதீன். வெட்கத்துக்கு அதைவிட நல்ல சட்டை எங்கே கிடைக்கும்? வீம்பு பிடித்த ஆயிரம் பேர் போட்டுத் தேய்ந்த சட்டைதான். இவர் அதை வீடியோவில் இருந்து புதிதாக வாங்கி அணிந்திருந்தார்.

இன்ஷிரா சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டுக் கொடுத்தாள். சட்டையைத் தேய்த்து வைத்தாள். கேட்டதற்கு "ஓம் வாப்பா", "இல்ல வாப்பா" என்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எந்த வீடியோவும் பார்க்காமல், கண்ணாடி முன்னால் நிற்காமல், அந்தப் பிள்ளை வாப்பாவைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒரு பகல், கடையில் ஆள் இல்லாத நேரம், காலிதீன் தெருவைக் கடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தார். போன் கையில் இல்லை.

"டொக்டர், மகள் என்னோட கோவிச்சாளெண்டா சமாளிச்சிருவன். ஏசினாளெண்டாலும் கேட்டுக்கிருவன். அவ ஒண்டும் செய்றா இல்ல. மொகத்தப் பாத்தா என்ன நெனைக்கிறா எண்டு விளங்குதில்ல."

"கஷ்டமா இரிக்கா?"

"பயமா இரிக்கி."

ஸாஜித்துக்கு மருதமுனையில் கல்யாணத்துக்கு இடம் பார்க்கிறார்கள் என்று காலையில் கேள்விப்பட்டிருந்தேன். சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். அவர் மூச்சை மெல்ல இழுத்தார். விட மறந்துவிட்டார்.

மறுநாள் காலை என் மோட்டார் சைக்கிளில் இருவரும் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனோம். வலை கரையேறும் நேரம். மீராமுகைதீன் இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் வரிசையாக ஆட்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மணலில் இறங்கிய காலிதீன், "மீராமுகைதீன், தனியா ஒரு கதை" என்றார்.

"கயித்த உட ஏலா காக்கா. இஞ்சயே கதைங்க, காது சும்மாதான இரிக்கி."

காலிதீன் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னாலா? செருப்பைக் கழற்றினார். மீராமுகைதீனுக்குப் பின்னால் போய் அவரும் கயிற்றைப் பிடித்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூச்சுப் பயிற்சியில் இறங்கினார். வலை இழுத்துக்கொண்டே மூச்சுப் பயிற்சி செய்ய முடியாது. இருமல் வந்தது, இருமலோடு அழுகையும் வந்தது.

"வேற இடம் ஒண்டும் வரல்ல. நான் சொன்னது பொய். உங்கட மகன எனக்கு எப்பவோ புடிச்ச. என்ட புள்ள என்னோட கதைக்கிறா இல்ல."

கயிற்று வரிசை முழுவதும் காது கொடுத்தது. இழுவை மட்டும் நிற்கவில்லை.

"வேற இடம் இல்லெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார் மீராமுகைதீன், திரும்பிப் பார்க்காமல். "ஹுஸ்னியா ஆட்டோவுல வெச்சே சொன்னா."

"தெரிஞ்சா ஏன் அப்பிடியே இருந்துட்டீங்க?"

"மீன்புடிக்காரன்ட ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்க உங்களுக்கு விருப்பமில்ல, அத மனசு நோகாமச் சொல்றீங்க எண்டு நெனச்சம். உங்கட மொகத்துல வேற ஒண்டும் தெரியல்லயே காக்கா."

காலிதீனின் கை கயிற்றில் இருந்து நழுவியது. வென்றேன் என்று நினைத்து அவர் சிரித்த அந்த நேரத்தில், ஆட்டோவில் இரண்டு பேர் தாழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். காலிதீனின் முகம் எல்லாவற்றையும் சொன்னது. கண்ணீரும் மூக்குநீருமாக, அழகில்லாமல் சொன்னது. மீராமுகைதீன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குச் சரி" என்றார். "ஹுஸ்னியாக்கிட்ட நீங்களே வந்து கேக்கணும். அவதான் அண்டைக்கு அழுதவ."

காலிதீனும் ஜெனூபாவும் தட்டுகளோடு போய்க் கேட்டார்கள். ஹுஸ்னியா எதிரே உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் காலிதீனுக்கு மயக்கம் வரப் பார்த்ததாம். பிறகுதான் சிரித்து, "வழக்கப்படி நீங்கதான வரணும், வந்திட்டீங்க" என்றாராம். போன மாதம் நிக்காஹ் முடிந்தது. மகளை அணைத்துக்கொண்டு காலிதீன் அழுத அழுகையில் ஒலிபெருக்கிக்காரன் பைத் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நேற்றுத் தேநீர்க் கடையில் நாலு பேரை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்: "அவசரப்படாம இருந்தன். சரியான நேரம் பாத்து எல்லாத்தயும் மேசையில வெச்சன். அதுதான் ஆட்டம்."

"கடக்கரையில அழுததும் ஆட்டமா காக்கா?"

"அது மணல். காத்துக்குக் கண்ணுல விழுந்த."

நீங்கள் இவரைப் போன்றவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் போனில் சீட்டாட்டம் இல்லை. கண்ணாடி முன்னால் நீங்கள் முகம் பழகுவதும் இல்லை. ஆனால், வீட்டில் உங்களுக்கு வேண்டிய ஒருவர் எதையோ கொண்டுவந்து ஆசையோடு நீட்டி, "புடிச்சிரிக்கா?" என்று கேட்டபோது, உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசத்தை வைத்துக்கொண்டு, "ம், பாப்பம்" என்றீர்களே, அது எந்த வீடியோவில் படித்தது? எனக்குச் சொல்லவேண்டாம். கேட்டவர் இன்னும் அடுப்படியில்தான் இருப்பார்.